கலைக்கு நகரம் தரும் பணம்: ஹைதராபாத்தை முன்வைத்து

ஆஷாட மாதம் பிறந்தால் ஹைதராபாத்தில் போனாலு என்ற அம்மன் விழா தொடங்கிவிடும். முதல் போனம் கோல்கொண்டாக் கோட்டைக்குள் இருக்கும் ஜகதாம்பிகைக்கு, பிறகு செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளிக்கு, கடைசியில் பழைய நகரத்து லால் தர்வாஜாவுக்கு. இந்த விழாவை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு சடங்கும் நடக்கிறது. அமைச்சர்கள் மேடையில் நின்று நகரின் கோவில் கமிட்டிகளுக்குக் காசோலை வழங்குவார்கள். 2024இல் இதற்காகத் தெலங்கானா அரசு ஒதுக்கிய தொகை 20 கோடி ரூபாய்.

பண்பாட்டுக்குப் பொதுப்பணத்திலிருந்து மானியம் தருவது நம் நகரங்களுக்குக் கட்டுப்படியாகாத வெளிநாட்டு ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் காசோலைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தொகை முன்கூட்டியே தெரிகிறது. பருவம் தெரிகிறது. ஒருவருக்கே மொத்தமாகப் போகாமல் சிறு சிறு தொகைகளாகப் பல கைகளுக்குப் போகிறது. விழா முடிந்து மாதக்கணக்கில் கழித்து வராமல் விழாவை ஒட்டியே வருகிறது. ஒரு நல்ல மானியத் திட்டத்துக்கு வேண்டிய பாதி இலக்கணம் இதிலேயே இருக்கிறது. இல்லாதது மீதிப் பாதி. அந்தப் பணம் பந்தலுக்கும் விளக்குக்கும் போகிறதா, ஊர்வலத்தின் முன்னால் சாட்டையோடு ஆடிவரும் போத்தராஜுவுக்கும் டப்பு அடிப்பவருக்கும் போகிறதா என்பது கமிட்டியின் விருப்பம். கலைஞர் அதில் விண்ணப்பதாரர் அல்ல, கூலிக்கு வந்தவர்.

மேற்கு வங்கத்தில் இதையே இன்னும் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். துர்கா பூஜை நடத்தும் கிளப்புகளுக்கு மேற்கு வங்க அரசு 2018இல் தலைக்கு 10,000 ரூபாய் தந்தது. 2025இல் அது 1,10,000 ரூபாய். பெற்ற கிளப்புகள் 40,000க்கும் மேல். தேர்தல் கணக்கு இதில் எவ்வளவு, பண்பாட்டுக் கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. அரசு மனம் வைத்தால் பல்லாயிரம் சிறு அமைப்புகளுக்கு ஒரே பருவத்தில் பணம் கொண்டுசேர்க்க நம் நிர்வாகத்தால் முடியும். ஆகவே ஹைதராபாத்துக்குப் பணமோ நிர்வாகத் திறனோ குறைவில்லை. குறைவது, கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கும் ஒரு வாசல்.

இப்போது பணம் எந்தெந்த வழியில் போகிறது என்று பார்ப்போம். முதல் வழி சம்பளம். தனி மாநிலப் போராட்டத்தின்போது தூம் தாம் மேடைகளில் பாடி ஆடிக் கூட்டம் சேர்த்தவர்கள் கிராமியக் கலைஞர்கள். மாநிலம் பிறந்த பிறகு, அந்த மேடைகளை முன்னின்று நடத்திய ரசமயி பாலகிஷன் தலைமையில் தெலங்கானா சாம்ஸ்கிருதிக சாரதி என்ற அமைப்பு உண்டாக்கப்பட்டு சுமார் 550 கலைஞர்களுக்கு மாதச் சம்பளத்தில் வேலை தரப்பட்டது. 2024இல் புரட்சிப் பாடகர் கத்தரின் மகள் வென்னெலா அதன் தலைவரானார். பருவகால வருமானத்தில் வாழ்ந்த பாடகருக்கு மாதா மாதம் வங்கிக் கணக்கில் பணம் விழுவது சின்ன விஷயம் அல்ல, அதை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் வேலை அரசுத் திட்டங்களை ஊர் ஊராகப் பாடிச் சொல்வது. அரசைக் கேள்வி கேட்டுப் பாடித்தான் அந்தக் குரல்கள் பெயர் எடுத்தன. வேலை உத்தரவில் கேள்விக்கு இடம் இருக்காது.

இரண்டாவது வழி கௌரவம். 2024 டிசம்பர் 9 அன்று முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி, தெலங்கானாவின் கவிஞர்களும் போராட்டக்காரர்களுமான ஒன்பது பேருக்குத் தலா 1 கோடி ரூபாயும் 300 சதுர கஜம் மனையும் அறிவித்தார். மாநில கீதத்தை எழுதிய அந்தெஸ்ரீ அவர்களில் ஒருவர். கத்தர், கூடா அஞ்சய்யா போன்றவர்கள் அப்போது உயிரோடு இல்லை. குடும்பத்துக்குப் போய்ச் சேரும். தகுதி உள்ளவர்கள்தான், மறுப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது கோடி என்பது தலா ஒரு லட்சம் வீதம் 900 பேர் ஒவ்வொருவரும் ஒரு புதிய வேலையைத் தொடங்கப் போதுமான பணம். கௌரவம் நடந்து முடிந்ததற்குத் தரப்படுவது. மானியம் இனி நடக்க வேண்டியதற்கு. நம் அரசுகளுக்கு முன்னதில் இருக்கும் ஆர்வம் பின்னதில் இல்லை. காரணம் எளிது. கௌரவத்துக்கு ஒரு மேடையும் ஒரு சால்வையும் ஒரு புகைப்படமும் உண்டு.

மூன்றாவது வழி ஓய்வூதியம். நலிந்த கலைஞர்களுக்குத் தெலங்கானா தரும் மாதத் தொகை 2021இல் 3,016 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு 3,000 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் மூப்படைந்த பிறகுதான். முப்பது வயதில் கலையை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போனவர் அறுபதில் நலிந்த கலைஞராக விண்ணப்பிக்கக்கூட முடியாது.

இந்த வழிகள் ஒரே ஆளின் வாழ்க்கையில் எப்படிக் குறுக்கிடும் என்பதற்கு தர்ஷனம் மொகுலய்யாவின் கதை சாட்சி. நாகர்கர்னூல் மாவட்டத்துக்காரர், பன்னிரண்டு மெட்டுகள் கொண்ட கின்னெரா வாசிப்பவர். மூங்கில் தண்டில் சுரைக்காய்க் குடுக்கைகள் கட்டிய கருவி அது. அந்தக் கருவியை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். 2021இல் ‘பீம்லா நாயக்’ படத்துக்காகப் பாடி நாடறிந்தவரானார், 2022இல் பத்மஸ்ரீ. மாநில அரசு ஒரு கோடி ரூபாயும் ஹைதராபாத்தில் வீட்டு மனையும் அறிவித்தது. 2024 மே மாதம் ஹைதராபாத்தை ஒட்டிய துர்காயம்ஜாலில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவர் கூலி வேலை செய்யும் படம் வெளிவந்தது. பரிசுப் பணம் குடும்பத் தேவைகளில் கரைந்திருந்தது. மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. மனை கைக்கு வந்து சேரவில்லை. செய்தி வெளியானதும் உதவிகள் வரிசையாக வந்தன.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்பதல்ல என் கேள்வி. ஒரு கோடி ரூபாயை ஒரே நாளில் பெற்றவர் இரண்டு ஆண்டில் கூலிக்குப் போகிறார் என்றால் பணத்தின் அளவு பிரச்சினையல்ல, அது வந்த விதமே பிரச்சினை. அதே தொகையில் ஒரு பங்கைக் கொண்டு பத்து இளைஞர்கள் அவரிடம் ஐந்தாண்டு கின்னெரா கற்க, அவருக்கும் அவர்களுக்கும் மாதா மாதம் தொகை தந்திருந்தால் இன்று அந்தக் கருவி பத்துக் கைகளில் இருந்திருக்கும். ஒன்றிய அரசின் குரு–சிஷ்ய மானியம் இந்த வடிவத்தில்தான் அமைந்தது. குருவுக்கு மாதம் 15,000, வயது வந்த சிஷ்யருக்கு 10,000 வரை. வடிவம் சரி. பணம் பல மாதம் பிந்தி வருகிறது என்பது நாடெங்கும் நாடகக்காரர்களின் தீராத புகார்.

ஹைதராபாத்தின் பழைய ஆட்சியாளர்களுக்கு இந்தத் தவணை முறை தெரியாததல்ல. பூனாவின் பண்டார்கர் நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்பைத் தொடங்கிப் பணத்துக்கு அலைந்தபோது, 1932இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் பதினொரு ஆண்டுகளுக்கு அனுமதித்தார். அங்கே விருந்தினர் விடுதி கட்ட 50,000 ரூபாய் தனி. அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து செக்கோனி, ஒர்சினி என்ற இரு வல்லுநர்களை 1920இல் வரவழைத்ததும் நிஜாமின் தொல்லியல் துறைதான். பதினொரு ஆண்டு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று தெரிந்தவன் மட்டுமே நீண்ட வேலையில் கை வைப்பான்.

ஆனால் அந்த அரண்மனை வள்ளன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்காக 1917இல் தொடங்கிய மொழிபெயர்ப்பு நிலையமான தாருல் தர்ஜுமாவில் உருதுக் கவிஞர் ஜோஷ் மலிஹாபாதி சம்பளத்தில் இருந்தார். நிஜாமைச் சாடி ஒரு கவிதை எழுதினார். ஹைதராபாத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கொடுப்பவரும் முடிவு செய்பவரும் கோபப்படுபவரும் ஒரே ஆளாக இருந்தால் இதுதான் நடக்கும்.

மக்களாட்சி வந்தும் இது மாறிவிடவில்லை. 1957இல் ஆந்திரப் பிரதேசத்தில் சாகித்திய அகாதெமியும் சங்கீத நாடக அகாதெமியும் ஹைதராபாத்தில் உருவாயின. 1983இல் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமாராவ் அகாதெமிகளை ஒரே அடியாகக் கலைத்தார். அவற்றின் பணிகள் 1985இல் தொடங்கிய தெலுங்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டன. நடிகரே முதலமைச்சரான மாநிலத்தில் நாடக அகாதெமிக்கு இந்தக் கதி! நமக்கும் இதேபோல ஒன்று உண்டு. 2007இல் தொடங்கிய சென்னைச் சங்கமம் 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றது. பழைய ஆட்சி திரும்பிய பிறகு 2023 பொங்கலுக்குத்தான் சென்னைப் பூங்காக்களில் மீண்டும் பறை ஒலித்தது. இடையில் போன பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு ஒயிலாட்டக் குழுவின் ஒரு தலைமுறையே போய்விடும்.

பிரிட்டனில் பொருளாதார அறிஞர் கெயின்ஸின் முயற்சியால் 1946இல் உருவான கலை மன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. பணம் அரசுடையது, யாருக்கு என்ற முடிவு அரசுடையதல்ல. கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் அரசு நிற்க வேண்டும். எழுபது எண்பது ஆண்டுகளாக அங்கும் இந்த இடைவெளி கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஆனாலும் இடைவெளி ஒன்று வேண்டும் என்ற ஒப்புதலே ஒரு காப்பு.

சரி, இதை மாநிலம் செய்யாமல் ஏன் மாநகராட்சி செய்ய வேண்டும்?

சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பது முதல் பதில். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பதினெட்டு வேலைகளின் பட்டியல் அது. குடிநீர், சாலை, குப்பை, சுடுகாடு எல்லாம் இருக்கிற அந்தப் பட்டியலில் பதின்மூன்றாவது, பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை வளர்ப்பது. முப்பது ஆண்டுகளாக நம் மாநகராட்சிகள் இந்த ஒரு வரியைப் பெரும்பாலும் மேம்பாலத் தூணில் ஓவியம் வரைவதாகவே புரிந்துகொண்டிருக்கின்றன. ஓவியம் தவறல்ல. 2016இல் கைரதாபாத் அருகே மக்தா குடியிருப்பின் சுவர்களில் வரையப்பட்ட சித்திரங்கள் அந்தப் பகுதிக்கே ஒரு முகவரி தந்தன. ஆனால் சுவரில் நிற்பது மட்டுமே பண்பாடு என்றால் பாட்டுக்கும் கூத்துக்கும் எங்கே போவது?

இரண்டாவது பதில் பணம். 2024–25இல் ஹைதராபாத் மாநகராட்சியின் சொத்து வரி வசூல் முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டியது. அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் எடுத்தால் 20 கோடி. போனாலு காசோலைகளின் அதே தொகை. 8,000 கோடிக்கு மேல் போகும் மாநகராட்சி பட்ஜெட்டில் இது கால் சதவீதம். ஒரு நடுத்தர மேம்பாலத்தின் ஒரு பக்க இறக்கத்துக்கே இதைவிடக் கூடுதலாகும் என்று நினைக்கிறேன்.

வேறு ஊற்றுகளும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ 1961 முதல் ஓட்டல் அறை வரியில் ஒரு பங்கைக் கலைக்குத் தருகிறது. ஊருக்கு வருகிறவர்கள் கலைக்காகவும்தான் வருகிறார்கள், ஆகவே அவர்கள் கொடுக்கட்டும் என்ற நியாயம். இந்தியாவில் அந்த வழியை ஜிஎஸ்டி அடைத்துவிட்டது. ஆனால் கேளிக்கை வரியை உள்ளாட்சிகள் மட்டும் விதித்து வசூலிக்கலாம் என்ற கதவை ஜிஎஸ்டிக்கான அரசமைப்புத் திருத்தமே திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாடு 2017லேயே அதற்குச் சட்டம் கொண்டுவந்து திரையரங்க டிக்கெட்டில் வசூலிக்கிறது. சினிமாவுக்கு இந்த அளவு காசு கொட்டும் ஹைதராபாத்தில், டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நாடகத்துக்கும் கூத்துக்கும் என்று ஒதுக்கினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒதுக்கினால் போதாது என்பதற்கு நூலக வரி பாடம். ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டம் 1960இன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு எட்டுக் காசு நூலகத்துக்கு. தமிழ்நாட்டில் பத்துக் காசு. வசூலிப்பது மாநகராட்சி, செலவிட வேண்டியது நூலக அமைப்பு. இடையில் பணம் தங்கிவிடுகிறது. மாநகராட்சி நிலுவை வைத்திருக்கிறது என்று ஹைதராபாத்திலும் சென்னையிலும் நூலகத் துறையினர் புகார் சொல்லிச் சலித்துவிட்டார்கள். ஆகவே கலை நிதி என்றால், வரி கட்டப்படும் கணத்திலேயே அந்த ஒரு சதவீதம் தனி வங்கிக் கணக்குக்குப் பிரிந்து போக வேண்டும். ஆன்லைனில் வரி கட்டும் காலத்தில் இது ஒரு கணினி நிரலின் வேலை. பணம் ஒருமுறை பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் பிறகு சாக்கடைத் தூர் வாரலோடு போட்டி போட்டுத்தான் வெளியே வர வேண்டும், வராது.

இந்த 20 கோடியை எப்படிப் பிரிப்பது? என் யோசனை இது. ஏறக்குறைய எட்டுக் கோடியைச் சிறு மானியங்களுக்கு வைக்கலாம். சராசரி ஒரு லட்சம் என்றால் ஆண்டுக்கு 800 பேர். தனியாள், இரண்டு பேர், பதிவு செய்யாத குழு யாரும் கேட்கலாம். ஆறு கோடியை அறுபது குழுக்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம், மூன்றாண்டு உறுதியோடு தரலாம். நாலு கோடி இடங்களுக்கு. மிச்சம் இரண்டு கோடியில் நிர்வாகம், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. எண்களைக் கூட்டிக் குறைக்கலாம். சிறு மானியத்தின் பங்கு மட்டும் குறையக் கூடாது.

ஏன் சிறு மானியம்? ஹைதராபாத்தின் கலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏ.சி. கார்ட்ஸ் பகுதியில் நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை வீரர்களின் வழித்தோன்றல்கள் மர்ஃபா அடிக்கிறார்கள். பார்க்கஸில் ஏமன் வழி வந்தவர்களும் அடிக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் அந்த மத்தளமும் கொட்டும் கேட்டால் நடந்து போகிறவருக்கும் தோள் ஆடும். எந்த அகாதெமிப் பட்டியலிலும் மர்ஃபாவுக்குச் சாஸ்திரியக் கலை என்ற இடமும் இல்லை, தெலங்கானாக் கிராமியக் கலை என்ற இடமும் இல்லை. தக்கினி மொழியில் நகைச்சுவைக் கவியரங்கம் நடத்தும் ஜிந்தாதிலானே ஹைதராபாத் அமைப்பு 1962 முதல் இருக்கிறது. வேலை தேடி நகரத்துக்கு வந்த ஒக்கு கதைக்காரர்கள், சிந்து யக்ஷகானக்காரர்கள் புறநகர்க் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஐடி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் நாடகம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செகந்திராபாத் மாரேட்பள்ளியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் மார்கழிக் கச்சேரிகளும் இந்த நகரத்துடையவைதான். இவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாண்டு தணிக்கை அறிக்கை, சங்கப் பதிவு எண், தொண்டு அமைப்புகளுக்கான தர்பன் இணையதளப் பதிவு எல்லாம் கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பிரேசிலின் சாவோ பாவுலோ மாநகராட்சி 2003இல் இதற்கு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. நகர விளிம்பில் வாழும் ஏழை இளைஞர்கள், பதிவு பெற்ற அமைப்பு எதுவும் இல்லாமலேயே, தங்கள் பெயரில் கலைத் திட்டத்துக்குப் பணம் கேட்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த நாடக வளர்ச்சிச் சட்டம் இன்னும் துணிச்சலானது. ஆண்டுக்கு அதிகபட்சம் முப்பது குழுக்களின் நீண்ட கால வேலைக்குப் பணம். நடுவர் குழுவின் ஒரு பகுதியை நகராட்சி நியமிக்கும், இன்னொரு பகுதியை விண்ணப்பித்த குழுக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அது பணக்கார ஐரோப்பிய நகரம் அல்ல, நம்மைப் போலவே குடிசைகளும் கண்ணாடி மாளிகைகளும் அடுத்தடுத்து நிற்கும் ஊர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

விண்ணப்பம் ஒரு பக்கம் இருந்தால் போதும். தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் எதிலும் எழுதலாம். எழுத வராதவர் செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியக் கலை நிறுவனம் எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் வாங்குகிறது, வெளி வல்லுநர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. தனியார் நன்கொடையில் இயங்கும் சிறு அமைப்பால் முடிவது, தெலுங்கோடு உருதுவையும் ஆட்சிமொழியாகக் கொண்ட மாநிலத்தின் தலைநகருக்கு முடியாதா?

தேர்வில் ஒரு பகுதியைக் குலுக்கலுக்கு விடலாம் என்பேன். சிரிக்க வேண்டாம். அயர்லாந்து 2022இல் கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, தகுதி பெற்ற எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில்தான் எடுத்தது. குறைந்தபட்சத் தகுதி உள்ளவரா என்று நடுவர்கள் பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய்க்கு இவரா அவரா என்று நுணுகி ஆராய்வதில் பரிந்துரைக் கடிதங்கள்தான் உள்ளே நுழையும். சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் குலுக்கல் பெட்டியிடம் செல்லாது.

இனி யூசி. பயன்பாட்டுச் சான்றிதழ் என்பதன் அலுவலகப் பெயர். அரசிடம் மானியம் வாங்கிய எவருக்கும் இந்த இரண்டு எழுத்து தெரியும். ஒன்றிய அரசின் 2017 நிதி விதிகளில் 12–ஏ என்று படிவமே இருக்கிறது. ஒரு டப்புக் குழுவின் ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம். தோல் மாற்றியவர் ரசீது தர மாட்டார். வாத்தியத்தைச் சூடேற்ற எரித்த விறகுக்கு ரசீது இல்லை. பகிர் ஆட்டோவில் வந்த எட்டுப் பேருக்கு ரசீது இல்லை. இரவு பதினோரு மணிக்குச் சாப்பிட்ட தள்ளுவண்டிக்காரர் ஜிஎஸ்டி எண் தர மாட்டார். உண்மையான செலவுக்கு ரசீது கிடைக்காது என்பதால் பொய்யான ரசீது வாங்குகிறார்கள். அதை விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நேர்மையானவரைப் பொய்க் கணக்கு எழுத வைப்பதுதான் இந்த முறையின் சாதனை. ஒரு லட்சம் வரையிலான மானியத்துக்கு ரசீதே கேட்க வேண்டாம். சொன்ன நிகழ்ச்சி, சொன்ன இடத்தில், சொன்ன நாளில் நடந்ததா என்று வார்டு அலுவலர் ஒருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கூத்தும் பார்த்துவிட்டு வரட்டுமே. நூற்றுக்கு எண்பது முன்பணமாகவும் மீதி நிகழ்ச்சி முடிந்த பதினைந்து நாளிலும் போக வேண்டும். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்ற முழுப் பட்டியலும், நிராகரித்தவற்றுக்கான காரணமும் மாநகராட்சி இணையதளத்தில் வர வேண்டும். ரசீதைவிட வெளிச்சம் பெரிய தணிக்கையாளர்.

அடுத்தது இடம். பஞ்சாரா ஹில்ஸில் லாமகான் 2010இலிருந்து இயங்குகிறது. ஒரு பழைய வீடு, திறந்த முற்றம், இரானி டீ, சமோசா. அங்கே இந்த வாரம் சூஃபி இசை, அடுத்த வாரம் தொழிற்சங்கக் கூட்டம், அதற்கடுத்து புதுக்கவிஞர்கள். அரசு மானியம் வாங்காமலே நகரத்தின் உரையாடலில் பாதி அங்கே நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு நகரம் ரொக்கமாகக் கூடத் தர வேண்டாம். சொத்து வரியில் சலுகை, ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் ஒற்றைச் சாளர அனுமதி, இந்த இரண்டும் போதும். பொது இடத்தில் நிகழ்ச்சி நடத்த ஹைதராபாத்தில் இன்றும் பசலி 1348ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும், அதாவது நிஜாம் காலத்துச் சட்டம். காவல் நிலையம், போக்குவரத்துப் பிரிவு, மாநகராட்சி வட்ட அலுவலகம் என்று அலையும் செலவைக் கணக்கிட்டால் அனுமதியே ஒரு மானியம்.

பாதுகாப்பும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கியின் நிகழ்ச்சி, எதிர்ப்பு மிரட்டல்களுக்கு நடுவே, மாதாப்பூர் சில்பகலா வேதிகையில் பெரும் போலீஸ் காவலுடன் நடந்தது. வேறு பல நகரங்களில் அவர் நிகழ்ச்சிகள் ரத்தாகியிருந்தன. அன்று அரசு ஒரு ரூபாய் மானியம் தரவில்லை. ஆனால் கலைக்கு அரசு தரக்கூடியவற்றில் மிகப் பெரியதைத் தந்தது. மானிய விதிகளில் இது எழுத்தில் இருக்க வேண்டும்: தேர்ந்தெடுக்கப்பட்ட நிகழ்ச்சியின் உள்ளடக்கத்துக்காக, சட்டத்தை மீறினால் ஒழிய, பணம் திரும்பக் கேட்கப்படாது.

மூன்றாண்டு உதவி யாருக்கு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுரபி. 1885இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் ‘கீசக வதம்’ போட்டுத் தொடங்கிய குடும்ப நாடகக் கம்பெனி. பெண் வேடத்தைப் பெண்களே கட்டிய முன்னோடிகள். தாத்தா பீமன், மகன் கடோற்கசன், பேரன் திரைக்குப் பின்னால் கயிறு இழுப்பவன். ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளைப் பார்த்த தலைமுறைத் தமிழர்களுக்கு ‘மாயா பஜார்’ மேடையில் இவர்கள் செய்யும் வித்தை புரியும். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும், அம்பு அம்போடு நடுவானில் மோதித் தீப்பொறி விடும், எல்லாம் கறுப்புக் கம்பியும் கையின் கணக்கும். ஹைதராபாத் சேரிலிங்கம்பள்ளியில் சுரபிக் குடும்பங்களுக்கென்று ஒரு காலனியே உண்டு. பி.வி. காரந்த் இவர்களோடு தங்கி நாடகங்கள் இயக்கினார். சுரபி பாப்ஜி என்ற நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022இல் காலமானார். இப்படியொரு கம்பெனியின் தேவை சால்வை அல்ல. பெரிய மேடை, இரண்டு லாரிச் சாமான் வைக்க இடம், ஆண்டுக்கு இத்தனை காட்சி உறுதி, கயிறு இழுக்கும் பையனுக்குக் கயிற்றை விடாமல் இருக்க ஒரு மாத வருமானம். ஆண்டுக்குப் பத்து லட்சமும் மாநகராட்சி மண்டபங்களில் வாடகையில்லாமல் முப்பது இரவும் தந்தால் மீதியை டிக்கெட்டில் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

எதிர்வாதம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் நகரம், மூசி நதி நாறுகிறது, இதில் கூத்துக்கு 20 கோடியா? நியாயமான கேள்வி. ஆனால் 20 கோடியில் மூசி சுத்தமாகாது என்பதும் உண்மை. அந்தத் தொகை ஏற்கெனவே விழா, சால்வை, விளம்பரம், திடீர் அறிவிப்பு என்று பல தலைப்புகளில் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கேட்பது புதுச் செலவைவிட, செலவுக்கு ஓர் ஒழுங்கு.

2025 டிசம்பரில் சுற்றுவட்டத்து 27 நகராட்சிகளும் மாநகராட்சிகளும் ஹைதராபாத்தோடு சேர்க்கப்பட்டு, 150ஆக இருந்த வார்டுகள் 300 ஆயின. எல்லைகள் எப்படி வரையப்பட்டாலும், மண்டலத்துக்கு இத்தனை சிறு மானியம் என்ற குறைந்தபட்ச ஒதுக்கீடு முதல் ஆண்டிலேயே வேண்டும். இல்லாவிட்டால் எண்ணூறும் பஞ்சாரா ஹில்ஸிலும் மாதாப்பூரிலும் தங்கிவிடும். பழைய நகரத்துக்கும் எல்.பி. நகருக்கும் அறிவிப்பு போய்ச் சேர்வதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும்.

பன்னிரண்டாம் அட்டவணையின் அந்தப் பதின்மூன்றாவது வரி ஹைதராபாத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் தஞ்சாவூருக்கும் அதே வரிதான். உங்கள் மாநகராட்சியின் அடுத்த பட்ஜெட் அறிக்கை வரும்போது அதன் கீழே எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் கலைஞர் நேரடியாக விண்ணப்பித்துப் பெறக்கூடியது எவ்வளவு என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.